எதற்கு இந்த வேலை என்று கேட்டார்கள், அக்கா

அக்கா,

இன்று காலை இன்டர்வியூவுக்குக் கட்ட வேண்டிய காட்டன் புடவையில் தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டேன். ஈரத்துணி சூடுபடும் வாசம் வந்ததும் கை நின்றுவிட்டது. போத்தனூரில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். உங்கள் பக்கத்திலிருந்து இந்த வாசம் வந்தால், ஜெனி பள்ளிக்குக் கிளம்புகிறாள் என்று தெரிந்துகொள்வேன். தேய்த்த சட்டையைச் சூடு ஆறுவதற்குள் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் உங்கள் மகள் அதைப் போடச் சம்மதிப்பாள்.

அவள் படித்தது போன்ற ஒரு சிறப்புப் பள்ளியில்தான் எனக்கு வேலை. டீச்சருக்குத் துணையாக வகுப்பில் இருக்க வேண்டும். சாப்பாடு ஊட்ட வேண்டும், பாத்ரூம் கூட்டிப்போக வேண்டும், ஒரு பிள்ளை எழுந்து ஓடினால் பின்னாலேயே போக வேண்டும். தையல் யூனிட்டை மூடியபின் வீட்டில் இருந்த என்னிடம், சர்ச்சில் உங்களோடு பாடிக்கொண்டிருந்த டீச்சர்தான் இதைச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் அதிகாரி மாதிரி நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டுப் பழக்கினார். எதற்கு இந்த வேலை என்றார். சேவை செய்ய ஆசை என்று சொன்னேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அனுபவம் இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். என்ன அனுபவம், அக்கா? நீங்கள் தாய். நான் பக்கத்து வீட்டுக்காரி. ஜெனிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நானாக பஸ்ஸில் உட்கார்ந்து போனதை அனுபவம் என்று சொல்லலாமா?

உக்கடத்தில் டிராஃபிக்கில் பஸ் நின்றுபோன அந்த நாளை நினைத்துக்கொண்டேன். ஹாரன் சத்தம் தாங்காமல் ஜெனி முன்சீட்டில் இருந்த ஒரு அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். எல்லோரும் நம்மைத் திட்டினார்கள். “புள்ளைக்கு ஒடம்பு சரியில்லைங்க, மன்னிச்சுக்கோங்க” என்றேன். நீங்கள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு இறங்கினீர்கள். ரோட்டில் வைத்து என்னிடம் சொன்னீர்கள்: “அவளுக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது, அம்மணி. சத்தம் அவளுக்கு ஆகாது, அவ்வளவுதான். இல்லாத நோவை அவ மேல போடாதீங்க.”

அன்று நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நான் அப்படிச் சொன்னபிறகுதானே அந்த அம்மா வாயை மூடினார்? இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வந்தால் உங்கள் பதிலைச் சொல்வதா, என் பதிலைச் சொல்வதா என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை. ஜெனியை உங்கள் தங்கை தாராபுரத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். நான் ஒருமுறை போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறந்துவிட்டாளா, அம்மாவைக் கூட்டி வராமல் தனியாக வந்து நிற்கிறேனே என்ற கோபமா, தெரியவில்லை.

பள்ளியில் ஒரு மேடம் என்னை உட்காரவைத்துப் பேசினார். எதற்கு இந்த வேலை என்று அவரும் கேட்டார். படித்து வைத்திருந்த பதில் வாயில் வரவில்லை. தெரியவில்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொள்ளவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஒரு பிள்ளை உங்களைக் கிட்டவே சேர்க்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். தாராபுரத்தில் நடந்ததைச் சொன்னேன்.

“அப்புறம் கெளம்பி வந்துட்டீங்களா?”

“இல்லைங்க மேடம். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துட்டேன். பொழுது சாயிற வரைக்கும் அவ திரும்பலைங்க. நானும் கூப்பிடலைங்க. அவ என்னைப் போகச் சொல்லித் தள்ளவும் இல்லைங்க.”

திங்கட்கிழமை வரச் சொன்னார். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவார்களாம். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அழுகை வந்தது. சந்தோஷத்தில் வந்ததா என்றால், அப்படிச் சொல்லவும் தோன்றவில்லை. நீங்கள் இருந்திருந்தால் நான் தாராபுரம் போயிருக்கவே மாட்டேன். சொல்வதற்கு அந்தப் பதிலும் இருந்திருக்காது. நீங்கள் இல்லாமல் போனதால் எனக்குக் கிடைத்த வேலை இது. இதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியாமலே சரியென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பிள்ளை நம் பக்கம் திரும்பாதபோதும் எழுந்து போகாமல் இருப்பது. உங்களோடு இருந்த வருஷங்களில் எனக்குள் தங்கியது அது ஒன்றுதான். அது ஒரு வகுப்புக்குப் போதுமா என்று திங்கட்கிழமை தெரியும்.

அதற்கு முன், ஞாயிறு பூசை முடிந்ததும் தாராபுரம் பஸ் ஏறப் போகிறேன். வேலை கிடைத்த விஷயத்தை முதலில் உங்களிடம்தான் சொல்லியிருப்பேன். இனி ஜெனியிடம் சொல்கிறேன். சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாலும் சரி.