இலவம் பஞ்சுத் தலையணை

1938, பங்குனி 19. கம்பம்.

அக்கா மகள் வள்ளிக்கு இன்று காலையும் மூச்சு இழுப்பு. ஆறு வயது. பாலை நிறுத்திப் பார்த்தோம். பூனையை வருசநாட்டுக்குப் போன வண்டியில் ஏற்றிவிட்டோம். குறையவில்லை. இழுக்கும்போதெல்லாம் தலை உயரட்டும் என்று அவள் தலையணைக்குள் அக்கா புதுப் பஞ்சைத் திணிக்கிறாள். அத்தானுக்கு இலவம் பஞ்சு வியாபாரம். வீட்டை ஒட்டியே கிடங்கு.

மத்தியானம் கூடத்தில் என் மடித்த வேட்டியில் தலை வைத்து வள்ளி தூங்கிப்போனாள். மூச்சில் இழுப்புச் சத்தமே இல்லை.

"அந்தத் தலையணையத் தூரப் போடுக்கா. பஞ்சுத் தூசிதான் பிள்ளைக்குச் சேரல."

"ஏலே, அந்தத் தூசிய வித்துத்தான் உங்க அத்தான் உன்னைய மெட்ராசுக்குப் படிக்க அனுப்புனாக."

அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் கிடங்கிலிருந்து வந்தவர் வழக்கம்போல் வள்ளியைத் தூக்கக் குனிந்தார். தன் சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். தூக்காமல் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

வள்ளி இப்போதும் என் வேட்டியில்தான் தூங்குகிறாள். அக்கா தலையணையை எடுத்து வெளியே வைத்திருக்கிறாள்; எறியவில்லை. காற்று கிடங்குப் பக்கமிருந்து வருகிறது. ஜன்னலைச் சாத்திவிட்டேன். நாளைக்கும் சாத்தலாம்; கிடங்கைச் சாத்த முடியாது.