சேராவிட்டால் கட்டணம் வாபஸ்

ஜூன் 2

புதிய கட்டணப் பலகையை இன்று மாட்டிவிட்டார்கள், சரியாக என் கவுன்ட்டர் தலைக்கு மேல்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விரைவுத் தபாலுக்கு ஒரே கட்டணம்தான். அடுத்த தெருவானாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கமானாலும் சாதாரணக் கடிதத்தைப் போல இரண்டு மடங்கு. பிறகு தூரத்தைப் பார்த்து வாங்கச் சொன்னார்கள். அப்புறம் இரவுக்குத் தனி ரேட். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கூட்டம் குறைந்தது. குறைந்ததை ஈடுகட்ட மறுபடியும் ஏற்றினார்கள். இப்போது நான்கு மடங்கு. அதன் கீழே சிவப்பில் ஒரு வரி: "அன்றே சேராவிட்டால் கட்டணம் வாபஸ்." கூரியர்காரர்களை ஜெயிக்க இதுதான் வழியாம்.

வாபஸ் யார் பையிலிருந்து என்று பலகையில் இல்லை. அதை மத்தியானம் போஸ்ட்மாஸ்டர் வாயால் சொன்னார். கொண்டுபோகிற ஆளின் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

எல்லாரும் முகம் தொங்கிப் போய் நின்றார்கள். காத்து மட்டும் சிரித்தார். என் தங்கையின் கணவர்தான். வண்டி ஓட்டுகிற வேகத்தைப் பார்த்து ஆபீசில் வைத்த பெயர், எனக்கும் அதுவே பழகிவிட்டது. "நான் லேட்டா போனாத்தானேக்கா பிடிப்பாங்க," என்றார்.

ஜூன் 11

காத்துவுக்கே முதல் பிடித்தம். ரயில்வே கேட் மூடியிருந்ததாம். ரயில்மேல் யார் அபராதம் போடுவது?

ஜூன் 21

ஞாயிறு. தங்கை வீட்டில் சாப்பாடு. காத்து பாதிச் சாப்பாட்டில் கடிகாரத்தைப் பார்த்தார், லீவு நாளில்! தங்கை அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "தூக்கத்துல வீட்டு நம்பரா சொல்றாருக்கா, எனக்குப் பயமா இருக்கு," என்றாள். அவர் அதற்கும் ஒரு ஜோக் அடித்தார். குழந்தை மட்டும் சிரித்தது.

ஜூலை 3

காலையிலிருந்து மழை. விரைவுத் தபாலுக்கு ஐந்து மணியோடு கவுன்ட்டர் மூடவேண்டும். மூடிவிட்டேன், ஷட்டரைப் பாதி இறக்கியும் ஆகிவிட்டது. அப்போது மரக்கடை முதலாளி குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். ஏதோ டெண்டர் கடிதம், மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் போகணுமாம். முடியாது, நேரம் கடந்துவிட்டது என்றேன். அவர் என்னிடம் பேசவே இல்லை. நேரே போஸ்ட்மாஸ்டர் அறைக்குப் போனார்.

போஸ்ட்மாஸ்டர் வெளியே வந்து, "வாங்கிக்கோங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார். கடிதம் பிரிக்கிற சார்ட்டர் பக்கத்தில்தான் பை கட்டிக்கொண்டிருந்தார்.

காத்து ஹெல்மெட்டைக் கழற்றி வைத்திருந்தார், வீட்டுக்குக் கிளம்ப. கடிதத்தை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். மழை விடட்டும் என்றேன். பலகையைக் காட்டிவிட்டுப் போனார்.

இன்னும் மழை. தங்கை இரண்டு தடவை போன் செய்துவிட்டாள், அவர் வந்துவிட்டாரா என்று. வந்துவிடுவார் என்று சொன்னேன்.

ஜூலை 4

மேம்பாலத்து இறக்கத்தில். லாரி.

காத்து போய்விட்டார்.

ஜூலை 6

எல்லாம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து பின்னால் நின்றாள். அழவில்லை.

"நீதானேக்கா அந்தக் கடுதாசிய அவர் கையில குடுத்தே?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? போஸ்ட்மாஸ்டர் சொன்னார் என்றா? மழை விடட்டும்னு சொன்னேனே என்றா? அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாதித் தேய்த்த பாத்திரத்தோடு நின்றேன்.

ஜூலை 8

வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்து என்ன செய்ய.

மரக்கடை முதலாளி வந்தார். கடிதம் மறுநாள்தான் சேர்ந்ததாம். ரசீதை ஜன்னல் வழியாக நீட்டினார். விஷயம் தெரியுமா உங்களுக்கு என்று கேட்டேன். தெரியும், பாவம் என்றார். ரசீதைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

எண்ணிக் கொடுத்தேன். சட்டப்படி கொடுக்கவேண்டியதுதான். நான்கு மடங்கும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் வேறு சொன்னான், படுபாவி.

ஜூலை 15

போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக. அடுத்த வாரம் விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறாராம். நான் சொல்லவேண்டியது இவ்வளவுதானாம்: காத்துதான் ஆசைப்பட்டு அந்தக் கடிதத்தை வாங்கச் சொல்லிக் கெஞ்சினார், சொந்தக்காரர் என்பதால் நானும் மறுக்கவில்லை. அப்படிச் சொன்னால் எனக்கு ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். போஸ்ட்மாஸ்டர் பெயரே வராது.

அப்படியென்றால் அது பணியில் நடந்த சாவு இல்லை. தங்கைக்குப் பென்ஷன் இல்லை. அதை அவர் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன்.

"செத்தவருக்கு என்னம்மா, பேரு கெட்டா வலிக்கவா போகுது? இருக்கறவங்களப் பாருங்க," என்றார்.

இருக்கிறவள் என்று அவர் சொன்னது என்னை. எனக்கென்று இந்தச் சம்பளமும் இந்த வாடகை அறையும்தான், அதுவும் அவருக்குத் தெரியும்.

ஜூலை 17

சார்ட்டரிடம் கேட்டேன், அன்று காதால் கேட்டதைச் சொல்வீர்கள்தானே என்று. பார்க்கலாம்மா என்றார். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம்.

நான்? பொய் சொல்லலாமே என்று இன்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றவே இல்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய்.

ஜூலை 22

விசாரணை. அதிகாரி சின்ன வயசு. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். போஸ்ட்மாஸ்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

நடந்ததைச் சொன்னேன். நடுவில் இரண்டு தடவை தண்ணீர் கேட்டேன். யார் வாங்கச் சொன்னது என்று அதிகாரி மறுபடி கேட்டார். கையை நீட்டி, "இவருதான் சொன்னாரு," என்றேன். போஸ்ட்மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வை! அதற்குப் பிறகு சார்ட்டர் வந்தார். பை கட்டிக்கொண்டிருந்ததில் எதுவும் காதில் விழவில்லை என்றார். இரண்டடி தூரத்தில் நின்ற மனிதர்.

வெளியே பெஞ்சில் தங்கை. அவளையும் வரச்சொல்லியிருந்தார்களாம். கதவு திறந்தேதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். என்னைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

ஜூலை 30

வேலையில் யாரும் என்னோடு டீ குடிப்பதில்லை.

ஆகஸ்ட் 19

முடிவு வந்துவிட்டது. ஐந்து மணிக்கு மேல் வாங்கிய கடிதம் விதிப்படி விரைவுத் தபாலே ஆகாதாம். ஆகவே காத்து அதை எடுத்துப் போனது பணியிலும் சேராதாம். போஸ்ட்மாஸ்டர்மேல் குற்றத்துக்கு ஆதாரமில்லை. நேரம் கடந்து வாங்கியதற்கு எனக்கு ஒரு வருஷச் சம்பள உயர்வு கட்.

விரைவுத் தபாலே இல்லையென்றால் மரக்கடைக்காரனுக்கு நான் எதை எண்ணிக் கொடுத்தேன்? இதை யாரிடம் போய்க் கேட்பது?

குடும்ப நிலையைக் கருதித் தங்கைக்கு ஒரு வேலை கொடுக்கிறார்களாம், பென்ஷனுக்குப் பதிலாக. காலியான இடம் ஒன்றுதான் இருக்கிறது. அது அவருடைய இடம்.

ஆகஸ்ட் 24

அந்த வேலை வேண்டாம் என்று சொல்லத் தங்கை வீட்டுக்குப் போனேன். எங்கேயாவது மேலும் முறையிடலாம், என் சம்பளத்தில் மூன்று பேரும் இருக்கலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். வாசலில் அவள் கடன் வாங்கிய ஸ்கூட்டரை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. குழந்தை படியில் உட்கார்ந்து கைதட்டியது.

போய் ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். அவளும் விடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 7

தங்கைக்கு முதல் நாள். யூனிஃபார்ம் தோளில் பெரிதாகத் தொங்கியது. மற்றவர்களோடு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் கையில் ஆறு கடிதங்கள். ஒன்று மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம். அதை அடியில் தள்ளினேன், அடுத்த ஆளுக்குப் போகட்டும் என்று. பார்த்துவிட்டாள்.

"எல்லாத்தையும் குடுக்கா. இன்னைக்கு நீ எடுத்து வச்சுக்கிட்டா நாளைக்கு யாரு போறது?"

கொடுத்தேன்.

வேலை முடிந்து நேரே அவள் வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குச் சோறு ஊட்டினேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். இருட்டிய பிறகு வந்தாள். ஐந்தைச் சேர்த்துவிட்டாள், ஒரு வீட்டில் ஆள் இல்லை, அதற்குப் பிடிப்பார்கள். அதைச் சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் தூங்கிவிட்டாள்.

நான்தான் கழற்றினேன். நாளையிலிருந்து நான் இங்கேயேதான்.