பதினான்காம் தேதி மோதல்

மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை, அண்ணன் போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டாக்டர் உன் இதய வால்வு ஆபரேஷனைப் பதினான்காம் தேதி வைத்தால், "அன்னிக்குத்தான் அவ மெஷினும் ஓடப்போகுது. உலகம் மிஞ்சினா அப்புறம் பாத்துக்கலாம்" என்றாயாமே! எங்கள் துகள் மோதல் மெஷின் ஓடினால் கருந்துளை வந்து உலகத்தை விழுங்கும் என்று பேப்பரில் எவனோ எழுதினால் உனக்கு வேதவாக்கு. பதினொரு வருஷமாக இங்கே குப்பை கொட்டும் மகள் சொன்னால் காதில் ஏறாது.

மறுபடியும் சொல்கிறேன். துகள்கள் மோதிக் கருந்துளை உண்டாகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. உண்டானாலும் அணுவைவிடச் சிறியது, எதையும் விழுங்குமுன் மறைந்துவிடும். இதைவிடப் பலத்த மோதல்கள் வானத்தில் தினமும் நடக்கின்றன. நிலா அப்படியேதான் இருக்கிறது. தயவுசெய்து ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடு.

உன் சின்னவள்

மார்ச் 5

அன்புள்ள சின்னவளுக்கு,

நிலாவை நானும் பார்த்தேன், இருக்கிறது. ஆனால் 'வரவே வராது' என்று எழுதாமல் ஏன் மழுப்புகிறாய்? 'வாய்ப்பு மிகமிகக் குறைவு' என்றுதான் அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரும் சொன்னார். சவரம் செய்துகொண்டு சிரித்தபடி உள்ளே போன மனிதர் திரும்பி வரவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறதடி. மெஷினுக்குப் பயந்தது பாதிதான். அந்த மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஆபத்தில்லை என்கிறாய், நம்பலாம். என் ஆபரேஷனுக்கு மட்டும் ஆயிரம் மைல் தள்ளி நின்று தைரியம் சொல்கிறாய்.

அம்மா

மார்ச் 8

அம்மா,

உன்னிடம் பேசி ஜெயித்தவர் யார்? 'வரவே வராது' என்று எழுதினால் என் படிப்பின்படி அது பொய். எழுத மாட்டேன்.

முதல் மோதலைக் கண்ணால் பார்க்கத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். கட்டுப்பாட்டு அறையில் என் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். உன்னைத் திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். டிக்கெட் எடுத்தாயிற்று. ஆபரேஷன் அறை வாசலில் நிற்பேன். போதுமா?

சின்னவள்

மார்ச் 11

அடி பைத்தியமே,

போதுமா என்றா கேட்கிறாய்? நீ அங்கே இருக்கிறாய் என்றுதான் அந்த மெஷினைப் பொறுத்துக்கொண்டிருந்தேன்! உன் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்கு வேலை ஒழுங்காகத் தெரியுமா? அடுப்பை அணைத்தாயா என்று நூறு முறை கேட்டால்தான் அணைக்கிறவள் நீ. அந்த ஆள் உன்னைவிட மோசமென்றால்?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோணல்மாணலாக, என் பெயர் என் பெயர் மாதிரியே இல்லை. உன்னை வரவேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தும் எழுத முடியவில்லை.

உலகத்தை அந்த ஆள் கவனித்துக்கொள்ளட்டும். நீ கிளம்பி வா.

அம்மா