பாதி வாசல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டதும் பக்கத்து வீட்டுப் பூனை நம் வாசலைக் கடந்து போனது. நேராகப் போகவில்லை. நனைந்து கருத்துக் கிடந்த பாதியில் கால் படாமல், அப்பா மருந்து அடித்து நிறுத்திய கோட்டை ஒட்டியே வளைந்து நடந்து பக்கத்து வேலிக்கு அடியில் நுழைந்துவிட்டது. அதைப் பார்த்த நேரத்திலிருந்து இந்தக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

நாங்கள் இருவரும் காய்ச்சல் சளி ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மா முதல் வரியில் எழுதச் சொன்னாள், பூனை குறுக்கே வந்துவிட்டதால் இரண்டாவதாக எழுதுகிறேன். வழக்கம்போல அவள் சொல்ல நான் எழுதுகிறேன், பின்பாதி மட்டும் என்னுடையது. அவள் சொன்னவை இவை. ஈரக் காலுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டு அப்படியே மாட்டிக்கொண்டு போகாதே. வேலையிடத்தில் மேஸ்திரியிடம் வாய்க்கு வாய் பேசாதே, அவன் சொல்வது தப்பென்றால் மத்தியானம் வரை பொறு, அவனே தெரிந்துகொள்வான். அவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் ஞாபகப்படுத்துகிறதாம். பக்கத்து வீட்டு டிரைவர் மாமா சனிக்கிழமை வண்டியைப் பின்னால் எடுத்துத் தன் வீட்டுச் சுவரிலேயே இடித்துவிட்டார், முப்பது வருஷமா மலைப்பாதையில ஓட்டுறேன், ஒரு சுவரும் இப்படி முன்னால வந்து நின்னதில்லைன்னு சொல்லிக்கொண்டிருக்கிறார். இதையும் எழுதச் சொன்னாள், நீ சிரிப்பாய் என்று.

இனி நான். போன வாரம் போனில் நீ கேட்டாய், மிச்சப் பாதி வாசலுக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டு தண்ணீர் இறங்காமல் தடுக்கிற சீலர் மருந்தை அடித்து முடிக்காமல் ஏன் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று. நான் உம் கொட்டிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். எனக்குப் பேச வராது, உனக்குத் தெரியும். நீ கேட்டதில் தப்பில்லை, அப்பா போன பிறகு இந்த வாசலை நீ மழையில் பார்த்ததே இல்லை. செய்தி கேட்டும் பாதை பனியில் அடைபட்டு நீ பதினோரு நாள் கழித்து வந்து சேர்ந்தபோது வாசல் முழுக்க முழங்கால் அளவு பனி. அது உருகும் முன்பே திரும்பிப் போய்விட்டாய்.

அப்பா எப்படி மருந்து அடிப்பார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இந்தக் குளிரில் கான்கிரீட்டைக் கெடுப்பது பனி இல்லை, தண்ணீர்தான் என்பார். பார்க்கத்தான் கல்லு, உள்ளே முழுக்க ஓட்டை, பகலில் தண்ணி குடிச்சிட்டு ராத்திரி அது உறைஞ்சு வீங்கி உள்ளேயிருந்தே உடைக்கும் என்பார். மேலே பளபளவென்று படலம் கட்டும் மருந்தை வாங்கமாட்டார், உள்ளே இறங்குகிற மருந்துதான். இரண்டு நாள் மழை படாமல் காய்ந்திருக்க வேண்டும், வெயில் ஏறும் முன் அடிக்க வேண்டும். அவர் ரோலரை உருட்டிக்கொண்டு பின்னால் நகர்வார், கூடவே ஒருத்தர் காய்ந்த துணியோடு குனிந்து, ஊறாமல் தேங்கி நிற்பதை உடனே ஒற்றி எடுக்க வேண்டும். விட்டால் அங்கே மட்டும் பிசுபிசுவென்று காய்ந்து கறையாகிவிடும். ஒற்றுகிற ஆள் நான்தான். நீ போன பிறகு எப்போதும் நான்தான்.

அன்றைக்குத் தெருவில் தண்ணீர்க் குழாய்க்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேர். நம் கேட்டுக்கு எதிரே மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டு, அப்பா வேலை செய்வதை வேடிக்கை பார்த்து நின்றார்கள். நான் துணியும் கையுமாகக் கதவு வரை வந்துவிட்டேன். அவர்கள் முன்னால் குனிந்து பின்னால் பின்னால் நகர்வதை நினைத்ததும் கால் வரவில்லை. பாப்பா, வாடா, தேங்குது பாரு என்று அப்பா கூப்பிட்டார். இதோ வரேன்பா என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பின்னாலேயே கொஞ்ச நேரம் நின்றேன், அவர்கள் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று. பிறகு பின்கட்டுக்குப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தேன். மடித்தது ஏழு துணி. கேட்டை ஏறிக் குதித்து, விழுந்து கிடந்த அப்பாவைத் தூக்கியது அந்த ஆறு பேரில் ஒருவர். அவர் போட்ட சத்தத்தில்தான் நான் ஓடி வந்தேன். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். நான் போகாமல் நின்றதை உன்னிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

மழை பெய்யும்போது நம் வாசல் இரண்டாகிவிடும் அண்ணா. வீட்டுப்பக்கம் அப்பா அடித்த பாதியில் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு ஓடிவிடும், வெளுப்பு மாறாது. தெருப்பக்கத்துப் பாதி தண்ணீரைக் குடித்துக் கருத்துப்போகும். நடுவில் கோடு. கோட்டைத் தாண்டிக் கருத்த பக்கத்தில் வெளுப்பாக ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையும். கையுறை போடச் சொன்னால் அவர் கேட்டதே இல்லை, விழும்போது மருந்தில் நனைந்த கையை ஊன்றியிருக்கிறார். காய்ந்திருக்கும்போது தேடினாலும் தெரியாது. மழை வந்தால் வந்துவிடும். முதல் தடவை பார்த்தது அம்மாதான், பனி எல்லாம் போன பிறகு பெய்த முதல் மழையில். அன்றிலிருந்து மழை தூறினால் அடுப்பை அணைத்துவிட்டுக் குடையோடு போய் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவாள். மழை விட்டு, அது மங்கி மறைந்த பிறகுதான் எழுந்து வருவாள்.

அதனால்தான் இழுத்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை ரோலரை ஓட்டினால் வாசல் முழுக்க ஒரே வெளுப்பு, பிறகு எந்த மழைக்கும் அது வராது. ஆனால் அடிக்காத பாதி போன குளிரிலேயே புண் காய்ந்ததுபோலப் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. ரோட்டில் பனி கரையக் கொட்டுகிற உப்பு வேறு செருப்போடு வருகிறது. கேட்டடிப் படியின் முனை உடைந்து, சித்திரையில் அம்மா அதில் கால் வைத்து விழுந்தாள், முழங்கால் வலி அதனால்தான். உனக்குச் சொல்லாதே என்றாள். இன்னொரு குளிர் தாங்காது, அந்தக் கையும் பொருக்கோடு பெயர்ந்து போகத்தான் போகிறது என்று பெயிண்ட் கடைக்காரர் வந்து பார்த்துச் சொன்னார். ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் மருந்து பிடிக்காது, இன்னும் பத்து நாள்தான் இருக்கும்மா, யோசிச்சுக்கோங்க என்றார். அம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, இவருக்கு என்ன தெரியும் என்றாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ திட்டமாட்டாய் என்று நினைக்கிறேன். காலையில் நான் பல் தேய்க்கும் நேரத்துக்கு வாசலில் ரோலர் உருள்கிற சத்தம் கேட்கும். சொரசொரப்பான தரையில் ஈர ரோலர் போகும்போது வருமே, சர்ரென்று ஒரு இழுப்பு, நின்று, மறுபடி ஒரு இழுப்பு. நிற்கிற இடத்தில் அடுத்து என் பேர் வரும் என்று காத்துக்கொண்டு நிற்பேன். வராது. ஒரு வருஷமாக இப்படி. கதவைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது, அதனால் திறப்பதை விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூனை போன பிறகு அம்மா வழக்கம்போல அங்கே உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அன்றைக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார், நான் வரவில்லை என்று சொன்னேன். சொல்லும்போது அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மடித்து வைத்திருந்த குடையைக் கீழே வைத்தாள். பிறகு, தெரியும்டி, எனக்கும் கேட்டது என்றாள். நீ பின்கட்டுக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாருடி, ரெண்டு தரம். காலையிலதான் சண்டை, நெஞ்சு பாரமா இருக்குன்னு சொல்லிட்டு இவரு மருந்து டிரம்மைத் தூக்குறாரேன்னு. போய்க் கிடங்க, உங்க வேலையை நீங்களே பாத்துக்கோங்கன்னு நினைச்சுக்கிட்டு குழாயைப் பெருசா திறந்துவிட்டேன், கேக்காத மாதிரி. அப்படிச் சொன்னாள். தினமும் காலையில அந்தச் சத்தம் உனக்கும் கேக்குதா என்று கேட்டாள். கேக்குதும்மா என்றேன். சரி என்றாள். எனக்கு மட்டும்னு நினைச்சேன் என்றாள். இரண்டு பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தோம். விரல் ஒவ்வொன்றாக மங்கியது, கட்டை விரல் கடைசியில். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு நாள் காயட்டும், அடிச்சிடலாம் என்றாள். யாரையும் கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னாள்.

திங்களும் செவ்வாயும் நல்ல வெயில். அந்தக் கை இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பொருக்கையெல்லாம் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கூட்டி எடுத்தேன். நேற்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், பத்து எண்ணி முடிப்பதற்குள் தரை குடித்துவிட்டது, அவ்வளவு தாகம். உடைந்த படிக்கு நம் தெருக் கொத்தனார் மாமா சிமெண்ட் பூசித் தந்திருக்கிறார், அது ஒரு மாதம் இறுகிய பிறகுதான் மருந்து காட்ட வேண்டுமாம், அதற்குள் குளிர் வந்துவிடும் என்பதால் இந்தக் குளிருக்கு அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைப்போம். அப்பாவின் கைத்தடத்தை என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். ரோலர் அங்க வரும்போது சொல்றேன் என்றாள்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், போகிற இடமெல்லாம் உனக்கு நல்ல மனுஷங்க கிடைக்கணும் என்று அம்மா தலையில் கை வைக்கிற மாதிரி நினைத்துக்கொள்ளச் சொன்னாள். உன் பழைய கம்பளிச் சட்டையின் அளவை மறக்காமல் எழுதி அனுப்பு, தோளில் இருந்து தோள் வரை. யாராவது உன்னைக் கூப்பிட்டால் உடனே போ, இது நான் சொல்வது.

இன்று காலை எட்டு மணிக்கு எதிர் வீட்டில் விருந்தாளிகள் வந்து தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா துணியோடு என் பின்னால் வந்து நின்றாள். நான் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, தெருவோரத்திலிருந்து உருட்ட ஆரம்பித்தேன்.

அம்மாவும்,
உன் தங்கையும்