எலிக்குக் கொடுத்த எண்ணெய்

உன் மகளுக்குப் போன வாரம் அன்னவாசலில் குலசாமிக்கு முடி இறக்கினார்கள். இன்று வெள்ளிக்கிழமை. உன் ஆத்தா அவளை முன்னால் உட்கார வைத்து மொட்டைத் தலையில் எண்ணெய் தேய்க்கும்போது கருஞ்சீரக வாடை வாசல் வரை வந்தது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அது நம் ஆய்வகத்து வாடை. புதுக்கோட்டைக் கல்லூரியில் நீயும் நானும் எலிகளுக்குப் புற்றுநோய் மருந்து செலுத்தினோம். பாதி எலிகளுக்குக் கூடவே கருஞ்சீரக எண்ணெயும் புகட்டினோம். மருந்து மட்டும் பெற்றவற்றின் விந்தணுக்கள் நுண்ணோக்கியில் அசையாமல் கிடந்தன. எண்ணெய் குடித்தவற்றில் எத்தனையோ நெளிந்து நீந்தின.

"ஓடுதுடா, இங்கிட்டு வந்து பாரு" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஒரு சொட்டுக்குள் பிழைக்க இத்தனை பிடிவாதமா என்று இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதே மருந்து உன் உடம்பிலும் ஏறும் என்று யார் கண்டது? கல்யாணமான புதிது. பிள்ளை பிறக்குமா என்பதுதான் உன் ஒரே கவலை. சிகிச்சைக்கு முன்பே திருச்சிக்குப் போய் விந்தை உறைய வைத்துவிட்டு வந்தாய். ஆத்தா செக்கில் ஆட்டிய எண்ணெயோடு வந்து நின்றார்.

"எலிக்கெல்லாம் குடுக்குறே, ஒனக்குக் குடிக்க வலிக்குதா?"

"எலிக்குக் கேட்டது மனுசனுக்குக் கேக்குமான்னு இன்னும் தெரியாது ஆத்தா. மருந்தக் கெடுத்துப்புட்டா? வேணும்னா தலையில தேச்சு விடு."

முடி கொட்டிப்போன உன் தலையில் சனிக்கிழமைதோறும் தேய்த்தார். நீ கண்ணை மூடிச் சிரித்தாய்.

சிகிச்சை முடிந்து சோதித்தபோது உன் சொட்டில் ஒன்றுகூட ஓடவில்லை. சேமித்து வைத்ததுதான் கருவானது. ஸ்கேன் திரையில் அந்தச் சின்ன இதயத்தைப் பார்த்தும் "ஓடுதுடா" என்றே சொன்னாய். பிறகு நோய் திரும்பியது. மகளைப் பார்க்காமலே போய்விட்டாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

"அந்த எண்ணெயாலதானே இவ பொறந்தா?" என்று ஆத்தா இன்று கேட்டார்.

"இல்ல ஆத்தா. முன்னாடியே எடுத்து வச்சதால."

"நீயும் அவன மாதிரியே பேசு."

அதற்குள் உன் மகள் அவர் கையிலிருந்து நழுவி எழுந்து ஓடினாள். மொட்டைத் தலை, அப்படியே உன் தலை. பிடிக்கப் போனேன், எண்ணெய் வழுக்கியது.

"ஓடுதுடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரிடம் சொல்கிறாய் என்று ஆத்தா கேட்கவில்லை.