கப்பலில் ஏறிய பொம்மைப் பெட்டி

ஆகஸ்ட் 30, 2025 — சனி, பிரிட்ஜ்வாட்டர்

சாப்பாட்டு மேசையில் இன்றைக்கும் ருஷ்யாதான். மாப்பிள்ளை மணியன் ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் ஓயாத சண்டை. நிஜச் சண்டையாக இருந்தால் ஒரு நாளில் முடிந்துவிடும். இது பிளாஸ்டிக் சண்டை. நகத்தளவு டாங்கிகள், அதைவிடச் சின்ன சிப்பாய்கள், வீடு முழுக்கப் பசை நாற்றம். சோபாவில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்து ரசம் சாதம் சாப்பிடுகிறேன். தொண்ணூற்றொரு வயதில் புடவையெல்லாம் ரசம்.

"அத்தை, அந்தப் பக்கம் கை வைக்காதீங்க. ஸ்டாலின்கிராட் இன்னும் காயலை."

காயாவிட்டால் வெயிலில் வைக்க வேண்டியதுதானே! வள்ளி வாயைத் திறக்க மாட்டாள். என் பெண்ணுக்கு என்னிடம் மட்டும்தான் பேச்சு வரும்.

செப்டம்பர் 3

எதற்கென்று தெரிந்துவிட்டது. கொலுவுக்காம்.

இந்த ஊரில் கொலு என்றால் படி கட்டிப் பொம்மை வைத்தால் போதாது, ‘தீம்’ வேண்டும். போன வருஷம் எடிசனில் ஒரு வீட்டில் ராக்கெட் விட்டார்கள். இந்த வருஷம் சண்டை முடிந்து எண்பது வருஷம் ஆகிறதாம், அதனால் நம் வீட்டில் ‘இரண்டாம் உலகப் போர் — டர்னிங் பாயின்ட்ஸ்’. மேலே அம்பாள், கீழே பீரங்கி.

"இது நல்லா இருக்கா மாப்ளே?" என்று கேட்டேன்.

"அம்பாளும் போர் பண்ணினவங்கதானே அத்தை? மகிஷாசுர வதம் ஒரு மேஜர் டர்னிங் பாயின்ட்."

எழுந்து வந்துவிட்டேன். எனக்கென்ன வந்தது. கொலு வள்ளியின் மாமியார் வீட்டு வழக்கம். சுண்டல் தாளித்துத் தருவேன், பொம்மையைத் தொட மாட்டேன். ரங்கூனை விட்டு வந்ததிலிருந்து தொட்டதில்லை. தொடவும் மாட்டேன்.

செப்டம்பர் 6

நார்மண்டிக் கடற்கரையில் எறும்பு. மணலுக்குப் பதிலாக ஒரு பாக்கெட் ரவையைக் கொட்டியிருக்கிறார். நல்ல ரவை.

செப்டம்பர் 9

வள்ளியின் நீலப் பட்டுப்புடவை போயிற்று. பசிபிக் சமுத்திரம் ஆகிவிட்டது. மிட்வே என்று ஒரு தீவு, அதைச் சுற்றி நான்கு ஜப்பான் கப்பல், நாலும் முழுகப் போகிறதாம். முகூர்த்தப் புடவைக்கு அடுத்த புடவை அது. அவளுக்குக் கோபமே இல்லை. "ட்ரை கிளீனிங் குடுத்துக்கலாம்மா" என்கிறாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்காக ஸ்பெஷலா ஒண்ணு, அத்தை. இம்பால், கோஹிமா. ஜப்பான்காரன் இந்தியாவுக்குள்ள வந்து திரும்பி ஓடின இடம்."

பார்த்தேன். மரத்தூளைப் பச்சை சாயத்தில் நனைத்து மலை பண்ணியிருக்கிறார். நடுவில் ஒரு டென்னிஸ் மைதானம். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், பந்துக்குப் பதில் குண்டை வீசிக்கொண்டார்களாம். கீழே பழுப்பாக ஒரு பாதை. பர்மா எல்லையில் தமு என்று சீட்டு ஒட்டி, அங்கிருந்து இம்பால் வரைக்கும்.

அந்தப் பாதை எனக்குத் தெரியும். அதன்மேல் ஒரு ஜீப்பை நிறுத்தியிருந்தார்.

"நடந்தவங்க எங்கே?"

"இது நாப்பத்துநாலு அத்தை. நீங்கள்லாம் நடந்தது நாப்பத்திரண்டு. ஆளை வெச்சா வருஷம் தப்பாயிடும்."

வருஷம் தப்பாகிவிடுமாம்! என் கால் கொப்புளத்தைக் கேட்டுக்கொண்டா வருஷம் போயிற்று? மலை அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

செப்டம்பர் 14

வாட்ஸ்அப்பில் அழைப்பு போய்விட்டது. சொந்தபந்தம் அத்தனைக்கும். "எங்கள் பாட்டி பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே வந்தவர். போரையும் பாருங்கள், பாட்டியையும் பாருங்கள்" என்று போட்டிருக்கிறார். நானும் ஒரு பொம்மை. எந்தப் படியில் உட்கார வேண்டும் என்று சொன்னால் போய் உட்கார்ந்துகொள்வேன்.

அது போகட்டும். சுவாமிக்கே அடுக்காத ஒன்று நடந்திருக்கிறது. தைலு வருகிறாளாம்.

செப்டம்பர் 15

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. கோபத்தில்தான்.

தைலு என்றால் தையல்நாயகி. என் பெரியப்பா பெண், என்னைவிட ஒரு வயது சின்னவள். குபெர்டினோவில் மகனோடு இருந்தவள், இப்போது பேரன் மாதவ் வீட்டுக்கு எடிசனுக்கு வந்திருக்கிறாளாம். இங்கிருந்து கூப்பிடு தூரம்.

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு கப்பலுக்கு அடிதடி. பெரியப்பா எப்படியோ கூட்டத்தில் புகுந்து மேல்தளத்தில் இடம் பிடித்துவிட்டார், அவர் குடும்பத்துக்கு. பெரியம்மா கொலுப் பொம்மைப் பெட்டியையும் ஏற்றினாள். பெரிய தேக்குப் பெட்டி. கீழே நின்று அப்பா கெஞ்சினார். "எங்களை விடுங்க அண்ணி. இந்தச் சின்னவனை மட்டும் அழைச்சுக்கிட்டுப் போங்க. பெட்டி இருக்கிற இடத்துல உட்கார்ந்துப்பான்." என் தம்பி கண்ணப்பனுக்கு அப்போது மூன்று வயது. பெரியம்மா சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: "கொலு ஒரு வருஷம்கூட விட்டுப்போகக் கூடாது, தம்பி. பெட்டி வந்தே ஆகணும்."

ஏணியை எடுத்துவிட்டார்கள்.

நாங்கள் மாந்தளை வரை ரயிலில், பிறகு படகில், பிறகு நடை. தமு தாண்டி மலைப்பாதையில் கண்ணப்பனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அப்பா தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஒரு வளைவில் இறக்கி வைத்தார். அவ்வளவுதான். மண் தோண்டக்கூட நேரமில்லை, இலை போட்டு மூடிவிட்டு நடந்தோம்.

மாயவரத்துக்கு வந்து சேர்ந்தோம். அடுத்த தெருவிலேயே அவர்கள் வீடு. அப்பா அந்த வாசலை மிதிக்கவில்லை, அவர்கள் பேச்சை எடுக்கவும் விடவில்லை. நானும் ஒரு கல்யாணத்துக்கோ சாவுக்கோகூடப் போகவில்லை. ஒவ்வொரு நவராத்திரிக்கும் அந்தப் பொம்மைகள் அந்த வீட்டில் படியேறி உட்கார்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வயிறு எரியும்.

செப்டம்பர் 21 — அமாவாசை

படி கட்டியாயிற்று. அம்பாளுக்குக் காலடியில் விமானம். வள்ளியோடு சண்டை.

"வெத்தலை பாக்கு வாங்கிக்க வர்றவங்களை வராதேன்னு எப்படிம்மா சொல்றது?"

"சொல்லாதே. நான் ரூமை விட்டு வரலை."

"தொண்ணூறு வயசு அவங்களுக்கு. வீல்சேர்ல வர்றாங்க."

"எனக்கு மட்டும் என்ன, பதினாறா?"

மாப்பிள்ளை நடுவில் வந்து, "ரெண்டு பேரும் ஒரு ட்ரூஸ் போட்டுக்கலாமே" என்றார். என்னவென்று கேட்டேன். சண்டை நிறுத்தமாம். எல்லாம் இவர் ஆரம்பித்து வைத்த சண்டை, நிறுத்தவும் இவரே வருகிறார்.

செப்டம்பர் 27 — சனி

ரூமில்தான் இருந்தேன். கதவை ஒருக்களித்து வைத்திருந்தேன், காற்றுக்காக. வாசலில் கார் நின்றது. மாதவ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வரும் சத்தம். அப்புறம் அவள் குரல். அதே கீச்சுக் குரல்.

"அபயம் எங்கே? உள்ளே மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காளா? அவ சின்னதுலயே அப்படித்தான்."

வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

"யாருடி மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கிறது?"

"நீதான். இப்பவும்தான்" என்றாள். முடியெல்லாம் கொட்டி, சின்னக் கொழுக்கட்டை மாதிரி இருக்கிறாள். கண் மட்டும் அதே கண்.

வள்ளி சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். மாப்பிள்ளை மிட்வேயைக் காட்ட ஆரம்பித்தார். தைலு கையைத் தூக்கி அவரை நிறுத்தினாள். "எல்லாரும் இருக்காங்க, நாங்க வந்த கப்பல் எங்கே?" என்றாள்.

இவளே பேச்சை எடுத்தாள். நான் விடவில்லை. "உங்க வீட்டுப் பொம்மைங்கள்லாம் சௌக்கியமா தைலு?"

"எந்தப் பொம்மை?"

"கண்ணப்பனை விட்டுட்டுக் கப்பல்ல ஏறிச்சே, அந்தப் பொம்மை."

மாதவ் ஃபோனை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான். அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியவே தெரியாதா?" என்றாள். "மெட்ராஸ்ல வந்து இறங்கினோம். ரெண்டு மாசம்கூட ஆகலை, ஜப்பான்காரன் மெட்ராஸுக்கும் வரான்னு ஊரே காலி பண்ணிச்சு. எழும்பூர்ல ரயில் ஏற வந்தா நிக்க எடமில்லை. பெட்டியை ஏத்தினா மனுஷங்க ஏற முடியாது. எங்கப்பா ப்ளாட்பாரத்துலயே போட்டுட்டு வந்துட்டார். அந்தத் தடவை குண்டும் விழலை. பெட்டியும் கிடைக்கலை."

"அப்புறம் கொலு?"

"ஏது கொலு? அம்மா அதுக்கப்புறம் வைக்கவே இல்லை. ஏம்மான்னு கேட்டா அடி விழும்."

தைலு நிறுத்தவில்லை.

"நான் அந்தப் பெட்டி மேலதான் உட்கார்ந்து வந்தேன், அபயம். கீழே சித்தப்பா கண்ணப்பனைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். பார்த்தேன். நான் எறங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கலாம். எனக்கு ஏழு வயசு. சொல்லத் தெரியலை."

அழவில்லை அவள். நானும் அழவில்லை. அழுகிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அப்புறம் நாற்காலியைக் கோஹிமாப் பக்கம் தள்ளச் சொன்னாள். குனிந்து பார்த்தாள். "எந்த இடத்துல விட்டீங்க அவனை?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. அப்பா கேட்க விடவில்லை. என் வீட்டுக்காரர் "போனது போச்சு, விடு" என்பார். நான் விரலை நீட்டி அந்தப் பாதையில் மூன்றாவது வளைவைத் தொட்டுக் காட்டினேன். ஜீப் இடித்தது. மாப்பிள்ளை ஜீப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 28

பெட்டி இருந்திருந்தாலாவது தேவலை. ஏதாவது ஒரு வீட்டில், ஏதாவது ஒரு படியில் இருந்திருந்தால் பெரியம்மாவைத் திட்டலாம். ப்ளாட்பாரத்தில் போட்டுவிட்டுப் போனார்களாமே! அதற்குத்தான் அவனுக்கு இடமில்லையா? இல்லாத பொம்மையைப் பார்த்தா இத்தனை நவராத்திரி வயிறெரிந்தேன்? பெரியம்மாவை இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு.

தைலுவைப் பற்றி ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 29

காலையில் போய்ப் பார்த்தால் மூன்றாவது வளைவில் ஒரு பொம்மை. செட்டியார் கடை பொம்மைக் கூட்டத்திலிருந்து அரிசி மூட்டைப் பக்கத்தில் நிற்குமே சின்னப் பையன், அது. மாப்பிள்ளை அடுப்படியில் காபி கலந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை.

"வருஷம் தப்பாயிடுமே மாப்ளே" என்றேன்.

"பரவாயில்லை அத்தை."

காபி நன்றாக இருந்தது. சர்க்கரைதான் கொஞ்சம் குறைச்சல்.

அக்டோபர் 2 — விஜயதசமி

கொலு முடிந்தது. ஆரத்தி எடுத்த பிறகு ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். எப்போதும் வள்ளி அம்பாளுக்குப் பக்கத்திலிருக்கிற மரப்பாச்சியைத்தான் படுக்க வைப்பாள். இன்றைக்குக் கை கொண்டுபோனவளை நிறுத்தினேன்.

"இரு. நான் வைக்கிறேன்."

அவள் கையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். நல்லவேளை.

என் புடவைத் தலைப்பில் ஒரு ஓரத்தைக் கிழித்தேன். பழைய புடவைதான். அதை மடித்து வளைவில் போட்டு, பையனை அதன்மேல் படுக்க வைத்தேன். மரத்தூள் கையெல்லாம் பச்சையாக ஒட்டிக்கொண்டது. இலை மாதிரியே இருந்தது.

அக்டோபர் 4 — சனி

மேசை காலியாகிவிட்டது. டாங்கியெல்லாம் கேரேஜில். அடுத்த வருஷம் வியட்நாமாம். நான் அதற்குள் செத்துவிடுவேன் என்று சொன்னேன். "உங்களை நம்ப முடியாது அத்தை" என்கிறார்.

பொம்மைகளை வள்ளி பேப்பரில் சுற்றி அட்டைப்பெட்டிகளில் அடைத்தாள். சின்னப் பையனை மட்டும் நான் கொடுக்கவில்லை. என் ஜன்னலில் இருக்கட்டும்.

மத்தியானம் தைலு ஃபோன். "யாரைப் படுக்க வெச்சே?"

"கண்ணப்பனை."

கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"அடுத்த வாரம் வரட்டுமா? மாதவ் கொண்டுவந்து விடறேங்கறான்."

"வா. வரும்போது எதையும் தூக்கிட்டு வராதே" என்றேன்.

சிரித்தாள் பாவி. கீச்சுக் குரல்.

ரசத்துக்குத் தக்காளி வாங்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டு ஐந்து வாரம் ஆயிற்று. அவளுக்குப் புளிப்பு ஆகாது. ரங்கூனிலேயே ஆகாது.