உன் குரலைச் செய்து பார்த்தேன்

மைக்கைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். அதன் பஞ்சுறையில் இன்னும் கராம்பு மணக்கிறது. மேடையேறும் முன் ஒரு கராம்பை வாயில் அதக்கிக்கொள்வாயே, அந்த வாசம்தான். நாளை மஸ்கெலியாவில் நம் தேயிலைத் தோட்டத்துக் கோயில் திருவிழா. மைக்கைச் சரிபார்த்து உள்ளே வைக்க வேண்டியவன், அதைக் கையில் பிடித்தபடி ஹட்டன் வீட்டுக்குள் நடந்துகொண்டேயிருக்கிறேன். உட்கார முடியவில்லையடா.

போன வாரம் கோயில் கமிட்டித் தலைவர் வந்தார். "தம்பி, ஒங்க கூட்டாளி தவறின பிறகு வர்ற மொதத் திருவிழா. பழைய ரெக்கோர்டிங் எல்லாம் ஒங்ககிட்டதானே இருக்கு? இப்ப கம்பியூட்டர்ல ஆளுங்க குரலையே செய்யுறாங்களாமே. அவரு அறிவிக்கிற மாதிரியே செஞ்சு போட்டுருங்களேன்" என்றார். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னால் முடியும் என்பதுதான் சிக்கல்.

நாம் சேர்ந்து தொடங்கிய தொழில் இது. மேடையில் நீ அறிவிப்பாளன், பின்னால் ஒயர்களோடு நான். மரத்தில் ஸ்பீக்கர் கட்டிய காலம் போய், ஹட்டனில் பெரிய இசை நிகழ்ச்சிகளே நடத்தினோம். பிறகு நான் கணினிப் பக்கம் சாய்ந்து, கொழும்பு மேடைகளின் ஒலியை இயக்கும் மென்பொருள் எழுதப் போய்விட்டேன். "மச்சான், நீ மனுசனுக்குப் பொறந்தியா, ஒயருக்குப் பொறந்தியா?" என்று கேலி செய்வாய். ஆனாலும் திருவிழாவென்றால் எங்கிருந்தாலும் பஸ் ஏறி வந்துவிடுவேன்.

ஸ்பீக்கர் கட்டும் முன் நீ தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாக இறங்கிப் போவாய். யார் வீட்டில் நோயாளி, யார் வீட்டில் துக்கம் என்று விசாரித்து, அந்தப் பக்கம் பார்க்காதபடி ஸ்பீக்கரைத் திருப்பச் சொல்வாய். நான் போட்ட ஒலிக்கணக்கெல்லாம் குழம்பிப்போகும். எரிந்து விழுவேன். "கணக்கு கெடக்குடா. அந்த வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல்" என்பாய். ஒரு வருடம் நாலா பக்கமும் ஏதோ ஒரு வீட்டில் ஏதோ ஒரு கஷ்டம். கடைசியில் ஸ்பீக்கரை வானத்தைப் பார்க்கக் கட்டினோம். அன்றைக்குப் பாட்டு காக்கைகளுக்குத்தான் நன்றாகக் கேட்டிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சிரித்து முடிப்பதற்குள் உன்மேல் கோபமும் வந்துவிடுகிறது, இப்படிப் பாதியில் விட்டுப் போனாயே என்று.

தலைவர் கேட்டபடி உன் குரலைச் செய்தேன். "அன்பான தோட்டத்து மக்களே" என்று நீ இழுக்கும் இழுப்பு அப்படியே வந்தது. உடனே நிறுத்தினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போட்டேன்.

இன்று காலை அதைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவியைக் கேட்காமல் போடுவது சரியாகப் படவில்லை. அடுப்படியிலிருந்து வந்து நின்றபடியே கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை போடச் சொன்னாள்.

"அவரேதாண்ணே. சனங்க சந்தோசப்படுவாங்க, போடுங்க" என்றாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "எங்க லயத்துப் பக்கம் மட்டும் ஸ்பீக்கரைத் திருப்பிராதீங்கண்ணே" என்றாள்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. கடைத்தெரு வரைக்கும் வேகவேகமாக நடந்தேன். நடந்தபடியே தலைவருக்குப் போன் போட்டு, அந்தக் குரல் வேண்டாம் என்றேன்.

"அப்ப யாருங்க அறிவிக்கிறது? எல்லா லயத்துலயும் சொல்லி வச்சிட்டோமே!" என்று கத்தினார்.

நான் அறிவிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயிலிருந்து வந்ததென்று தெரியவில்லை. இத்தனை வருடத்தில் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க "ஹலோ ஹலோ" சொன்னதைத் தவிர நான் அதில் ஒரு வார்த்தை பேசியதில்லை, உனக்கே தெரியும்.

செய்த குரல் கணினியில் கிடக்கிறது. அழிக்கக் கை வரவில்லை, இன்னொரு முறை கேட்கத் தைரியமும் இல்லை. நாளைக் காலையில் நான்தான் லயங்களுக்கு இறங்கிப் போக வேண்டும். முதலில் உன் வீட்டுக்குத்தான் போவேன். "தங்கச்சி, நாந்தான் பேசப்போறேன். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பாக்கட்டும்?" என்று கேட்பேன். எங்கள் பக்கமே திருப்புங்கள் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது. உன் குரலைக் கேட்டுப் பழகிய காதடா அது.